பதினோராவது பேர்

அரக்கோணம் போகும் ஐந்தேகால் வண்டி ஊதியபோது பாவு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூங்கில் கால்கள் நட்டு, அவற்றின்மேல் வெள்ளை நூலை நீளமாக விரித்திருந்தார்கள். இடுப்பு உயரத்தில் அது முடிவில்லாத ஒரு பாய்போலக் கிடந்தது. இன்னும் விடியவில்லை. மலை தெரியவில்லை. மேலே கோயில் விளக்கு மட்டும் ஆகாயத்தில் தனியாக இருந்தது. பனி இருந்தது, காற்று இல்லை. கஞ்சி போட அதுதான் வேண்டும். காற்றடித்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறினால் கஞ்சி பொருக்குத் தட்டும். ஆரம்பித்துவிட்டால் ஈரம் இழுக்கும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மொத்தப் பாவும் போயிற்று.

கன்னியம்மாள் கஞ்சிச் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். துணியை நனைத்து நூலின்மேல் பிழிந்துகொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் கெங்கம்மாளும் தறிக்காரர் தங்கவேலும் எதிரெதிராக நின்று, நீளப் பிரஷ்ஷை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு ஜோடி. கேழ்வரகுக் கஞ்சி. அரிசிக் கஞ்சி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ரேஷன் அரிசி வயிற்றுக்கே போதவில்லை, நூலுக்கு எங்கே ஊற்றுவது. வெள்ளை கொஞ்சம் மங்கும். மங்கட்டும். நூல் கிடைத்ததே பெரிது. அன்று விரிந்திருந்தது மூன்று வீட்டுப் பங்கு நூலைச் சேர்த்து ஓட்டிய ஒரே பாவு.

"போன மாசம் அவன் எழுதினத சொல்லு" என்றாள் கெங்கம்மாள்.

"எத்தினி வாட்டி அத்த?"

"இன்னொரு வாட்டி. கைதானே தேய்க்குது. காது சும்மாத்தானே கீது."

கன்னியம்மாள் துணியைப் பிழிந்தாள்.

"அங்க மழ நிக்கறதே இல்லியாம். காலைல வேட்டி காயப்போட்டா சாயங்காலம் பாசி புடிச்சுக்குதாம். மூங்கில் நம்மூரு மாதிரி இல்லியாம். ஒரு கணு மேல ஒரு ஆளு படுத்துக்கலாமாம்."

"இது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் தங்கவேல்.

"உன் தம்பியா எழுதினான்? என் புள்ள எழுதினான். நீ தேய் நைனா."

"ஆத்துல யானை வந்து படுக்குமாம். அது எழுந்து போன பள்ளத்துல மீனு மாட்டிக்குமாம். அதப் புடிச்சு சுட்டுத் துன்றாங்களாம்."

"உப்பு கெடைக்குதாமா?"

"ஆங். கெடைக்குதாம்."

"கேட்டியா தங்கவேலு? அங்க உப்பு கெடைக்குது."

யாரும் எதுவும் எழுதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை தபால்காரர் ஒரு மணியார்டர் கொண்டு வருவார். அதன் அடியில் சேதி எழுதுவதற்கென்று ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். அது வெறுமையாகத்தான் வரும். கன்னியம்மாள் அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு படிப்பாள். மூன்றாம் கிளாஸ் படித்தவள் என்பதால் மாமியாருக்குச் சந்தேகம் வரவில்லை.

அவள் புருஷன் பட்டாளத்துக்குப் போனது தறி நின்றுபோன வருஷம். மலேயாவிலிருந்து இரண்டு கடுதாசி வந்தது. பிறகு அந்த நாடே ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. கன்னியம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் கொடுக்கிறவரிடம் காட்டினாள். அவர் இரண்டுமுறை படித்தார். ஆள் காணவில்லை, இறந்துவிட்டதாகக் கருதுகிறார்கள், உனக்குப் பென்ஷன் வரும் என்றார்.

"யாராச்சும் பாத்தாங்களாமா?" என்று கேட்டாள்.

"அப்படி எழுதலம்மா."

"பாக்கலியே" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வரும் வழியில் குளத்தில் முகம் கழுவினாள். குங்குமத்தை மறுபடி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, சம்பளம் இனிமேல் ஒழுங்காக வரும் என்று எழுதியிருக்கிறார் என்றாள். அதுதான் முதல் பொய். மற்றவை தாமாக வந்தன. ராட்டை சுற்றி, நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் ஏற்றும்போது அதன் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு மழை கேட்கும். மழைக்குள் ஒரு ஆறு. ஆற்றங்கரையில் அவன் குந்தியிருப்பான். முகம் தெரியாது. முதுகு தெரியும். அவன் என்ன பார்க்கிறானோ அதை அவள் சொன்னாள்.

சண்டை முடிந்த பிறகு மார்கழியில், மணவூரில் ஒரு ஆள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். மாமியாரும் மருமகளும் ரயிலேறிப் போய் அவனைப் பார்த்தார்கள். அவன் கன்னியம்மாளின் புருஷனைக் கண்டதில்லை. ஆனால் ஒருவன் வந்துவிட்டான். வருகிறார்கள் என்று ஆயிற்று. திரும்பும்போது கன்னியம்மாள் டிக்கெட் ஜன்னலில், "எங்க ஊருக்கு ரெண்டு குடுங்க" என்றாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு வண்டி போகும் பக்கம் கையைக் காட்டினாள். அவள் புருஷன் பெயர் தணிகாசலம். அந்தப் பெயரின் வாடை அடிக்கும் ஊர்ப் பெயரைக்கூட அவள் கல்யாணமான நாளிலிருந்து வாயில் எடுத்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். தெருவில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

விளக்கைச் சுற்றி மெல்ல மலை உண்டாகிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு ஜட்கா வந்து நின்றது.

"வண்டி வராது!" என்று தங்கவேல் கத்தினார். "பாவு போட்டுகினு கீறோம்!"

"தெரியும்" என்று அங்கிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "அதனாலதான் இந்நேரத்துக்கு வந்தேன். இப்பத்தானே எல்லாரையும் ஒண்ணாப் பாக்க முடியும்? ஓடவும் முடியாது உங்களால."

சிரிப்பு எழுந்தது. வக்கீல் கோதண்டபாணி செருப்பைக் கழற்றி வண்டியிலேயே விட்டுவிட்டு, பாவின் ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து வந்தார். சட்டசபைக்கு நிற்கிறார். கட்சி எதுவும் இல்லை. ஓட்டுச்சாவடியில் அவருடைய பெட்டியின் நிறம் பச்சை. பத்து நாளாகப் பேசிப் பேசித் தொண்டை போய்விட்டது. அதிமதுரத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய குமாஸ்தா நாகராஜன் ஒரு கையில் லாந்தரும் மறு கையில் வாக்காளர் பட்டியலுமாக வந்தான்.

"நீங்க தேய்ங்க. நிறுத்தாதீங்க. நான் நடந்துகிட்டே பேசறேன்" என்றார். பிரஷ்கள் நகர்ந்தன. அவரும் அவற்றோடு நகர்ந்தார்.

"எனக்காக மனுவில கையெழுத்துப் போட்டது இந்தத் தெரு. ஆர்.கே.பேட்டைக்குப் போனா, 'உனக்கு யார் இருக்கா'ன்னு கேக்கறாங்க. பாவுத் தெரு இருக்குன்னு சொன்னேன். அதுக்கு நன்றி சொல்லத்தான் முதல்ல வந்தேன். அப்புறம்தான் ஓட்டு."

"நூல் வருமா சார்?"

"நான் போனா கேப்பேன். கேக்கறதுக்கு ஒரு ஆள் இருப்பான். வரும்னு இப்பவே சொன்னா நீங்களே நம்பமாட்டீங்க."

"கெலிச்சதும் இந்தப் பக்கம் வருவீங்களா?"

"பாவு போடற அன்னிக்கு வரமாட்டேன். பாதி வழியில நிக்க வேண்டியிருக்கு."

மறுபடி சிரித்தார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"அறுபது வீடு இருக்கு. ஆனா ஓட்டு பதினொண்ணுதான். வீட்டு வரி கட்டறவங்க, படிச்சவங்க, இப்படி எதாவது இருந்தாத்தான் ஓட்டு. எல்லாருக்கும் வர்ற காலம் வரும். இப்ப அந்தப் பதினோரு பேரும் அறுபது வீட்டுக்கும் சேத்துப் போடணும். மறந்தும் வீட்டுல இருந்துடாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி நன்றி சொல்லணும் நான். படிப்பா நாகராஜா."

நாகராஜன் லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். பட்டியலில் இருப்பதை அப்படியே படித்தான். பெயர், தகப்பன் பெயர், ஓட்டு எதனால் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் வக்கீல் அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கும்பிட்டார். கை ஓயாததால் அவர்கள் தலையை ஆட்டினார்கள். பத்தாவது பெயர் தங்கவேல்.

"பதினோராவது. கன்னியம்மாள். சிப்பாய் காலஞ்சென்ற தணிகாசலத்தின் விதவை. பென்ஷன்தாரர்."

வக்கீல் கைகளைக் கூப்பியபடியே சுற்றுமுற்றும் பார்த்தார். கஞ்சிச் சட்டி வைத்திருந்தவளைத் தவிர எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். லாந்தர் வெளிச்சத்தில் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். தாலியைப் பார்த்தார். கூப்பிய கை கீழே இறங்கவில்லை.

பிரஷ் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. கெங்கம்மாள் தன் முனையைப் பிடித்து இழுத்தாள், தங்கவேல் இழுத்தார், பிரஷ் போயிற்று, வந்தது. நடுவில் ஓர் இழை அறுந்தது. கெங்கம்மாள் ஒரு கையால் அதன் இரண்டு நுனியையும் தேடி எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி இணைத்தாள். மறு கை பிரஷ்ஷை விடவில்லை. கன்னியம்மாள் திரும்பிப் பார்க்காமல் துணியைப் பிழிந்துகொண்டே போனாள். சட்டியில் கஞ்சி தீர்ந்த பிறகும் சிறிது தூரம் வெறும் துணியைப் பிழிந்தாள்.

வெயில் மலைமேல் விழுந்தபோது பாவு காய்ந்து சுருட்டியாயிற்று. ஜட்கா போய்விட்டிருந்தது.

*

அன்று மத்தியானம் கன்னியம்மாள் களி கிண்டினாள். வேர்க்கடலைத் துவையல் அரைத்தாள். மாமியார் சாப்பிடமாட்டாள் என்று நினைத்தாள். கெங்கம்மாள் உட்கார்ந்து ஓர் உருண்டை முழுவதும் சாப்பிட்டாள். கை கழுவினாள். பிறகு சொன்னாள்:

"லிஸ்ட்ல தப்பா எழுதிக்கீறான்."

கன்னியம்மாள் துவையல் கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

"எனக்கு ரேஷன் கார்டுல ஆம்பளன்னு போட்டுக்கீறான். அதுக்கோசரம் எனக்கு மீசையா மொளச்சிது?"

"இல்ல அத்த."

"எழுதறவன் பத்து ஊரு எழுதறான். கண்ணு சொக்கியிருக்கும். நீ ஓட்டுப் போடற எடத்துக்குப் போ. அங்க ஆபீசர் இருப்பான். லிஸ்ட் அவங்கிட்டதான் இருக்கும். என் புருஷன் கீறாருன்னு சொல்லு. அடிச்சுட்டு எழுதச் சொல்லு."

"அது அவங்க வேல இல்ல அத்த. ஓட்டு வாங்கறதுதான்..."

"சர்க்கார் ஆளுதானே? லிஸ்ட் வெச்சிகினு கீறான். பேனா வெச்சிகினு கீறான். ஒரு கோடு போடறதுக்கு இன்னா?"

உனக்கு எப்போது தெரியும், எத்தனை நாளாய்த் தெரியும் என்று கெங்கம்மாள் கேட்கவே இல்லை. கேட்பாள் கேட்பாள் என்று கன்னியம்மாள் அந்த வாரம் முழுவதும் காத்திருந்தாள். தண்ணீர் எடுக்கப் போனால் தெருப் பெண்கள் அவளுக்கு முதலில் வழி விட்டார்கள். முன்பெல்லாம் வாளிக்குச் சண்டை போட்டவர்கள். அவள் நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள். அது வாளிச் சண்டையைவிட மோசமாக இருந்தது.

தங்கவேல் வீட்டில் ராட்டை சுற்றும்போது மழை கேட்கவில்லை. ராட்டைதான் கேட்டது. கண்ணை மூடினாள். ஆறு இருந்தது, யானை படுத்த பள்ளம் இருந்தது, பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. கரையில் யாரும் இல்லை. அவன் எழுந்து போய்விட்டவன்போல மண்ணில் இரண்டு பாதத்தின் அச்சு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தார் சிக்கிக்கொண்டது.

"பொறுமையா சுத்து" என்றார் தங்கவேல், தறிக்குழியிலிருந்து. "நூலு இன்னா வெலன்னு தெரியுமில்ல."

"தெரியும் மாமா."

"ஓட்டு விஷயம் நான் ஒண்ணும் சொல்லல. உன் இஷ்டம்." தறியில் நாடா நான்குமுறை குறுக்கே ஓடியது. "போன தபா எவனோ பதிமூணு ஓட்டுல தோத்தானாம்." இன்னும் நான்குமுறை. "நான் ஒண்ணும் சொல்லல."

வக்கீல் ஒருநாள் மத்தியானம் அங்கே வந்தார். தனியாக, நடந்து வந்தார். கன்னியம்மாள் எழுந்து நின்றாள். அவர் தறியின் ஓரமாகக் கிடந்த மணைமேல் உட்கார்ந்தார். குரல் அன்றைவிட மோசமாக இருந்தது. தங்கவேல் தறியை நிறுத்தினார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. முதல் நாளே லிஸ்ட்டை முழுசாப் படிச்சிருக்கணும். படிக்கல. நன்றி சொல்ற ஆசையில வந்துட்டேன்."

"லிஸ்ட்ல இருக்கறததானே படிச்சீங்க."

"லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் தெருவில படிக்கறதுக்கில்ல."

வெளியே யாரோ மாங்காய் விற்றுக்கொண்டு போனார்கள்.

"இப்ப அதுக்காக மட்டும் வந்தேன்னு சொன்னா பொய்யாயிடும்" என்றார் வக்கீல். "ஓட்டுக்காகவும்தான் வந்தேன். ரொம்ப நெருக்கமா இருக்கு."

"எனக்கு ஓட்டு கெடையாதுங்க. அது வேற யாருதோ. நான் விதவை இல்ல."

"சரி."

"எங்க அத்தைக்கு நான் என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியாதும்மா." அதிமதுரத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "அவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார்?"

"நூல் இல்ல. தறி நின்னுபோச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஏதாவது சொல்வார் என்று தங்கவேல் எதிர்பார்த்தார். இப்படிப்பட்ட இடத்தில் மேடையில் அவர் நிறையப் பேசுவார். அவர் வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அங்க இன்னா கேப்பாங்க?" என்றாள் கன்னியம்மாள்.

"உன் பேர் கேப்பாங்க. வீட்டுக்காரர் பேர் கேப்பாங்க."

"அத நான் சொல்லமாட்டேன்."

"எந்தப் பொம்பளையும் சொல்றதில்ல. கிளார்க்கே படிச்சிடுவார். நீ தலையாட்டினா போதும்."

*

ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கெங்கம்மாள் மருமகளின் நல்ல புடவையைத் துவைத்துக் காயவைத்தாள். குங்குமச் சிமிழைத் துடைத்து மாடத்தில் வைத்தாள்.

"பெருசா வெச்சிகினு போ. தூரத்துலேந்தே தெரியட்டும்."

"ஆங்."

"லிஸ்ட்ட திருத்தச் சொல்லு. திருத்தினாத்தான் ஓட்டுன்னு சொல்லு."

"ஆங்."

"ஆனா அவன் பேர மட்டும் வாயில எடுத்துடாத. என்ன மெரட்டினாலும் எடுக்காத." கெங்கம்மாள் புடவையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "உன் மாமனார் பேர நான் இருபது வருஷம் சொல்லல. அவர எடுத்துகினு போன அன்னிக்குத்தான் மொத மொதல்ல சொன்னேன். தெருவே கேக்கக் கத்தினேன். வீராசாமி, வீராசாமின்னு. எங்கிருந்து அந்தச் சத்தம் வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அது எப்ப சொல்றதோ அப்பதான் சொல்லணும்."

*

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். புங்க மரங்கள் புதுத் துளிர் விட்டிருந்தன. அடியில் பழைய சருகு கிடந்தது. பெண்கள் வரிசை சிறியது. இருபது பேர்கூட இல்லை. கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே வேட்பாளர்கள் மூவரும் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் குரலே எழாமல், வருகிற ஒவ்வொருவருக்கும் வெறுமனே உதட்டை அசைத்தார்.

கெங்கம்மாளுக்கு ஓட்டு இல்லை. அவளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துப் பக்கவாட்டில், ஒரு ஜன்னலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் இருந்தார். சித்தூர்ப் பக்கத்து மனிதர், வயசானவர். இரண்டு பக்கமும் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள். கன்னியம்மாளுக்கு முன்னால் ஒரு பருத்த பெண்.

"வீட்டுக்காரர் பேரு?"

"மேல் திருப்பதில நிக்கிறாரே, அவர் பேருங்க."

"ஸ்ரீனிவாசனா? வெங்கடேசனா? கோவிந்தனா?"

"ரெண்டாவது சொன்னீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கன்னியம்மாளுக்கு மனசு லேசாயிற்று. முன்னால் போனாள்.

"பேரும்மா?"

"கன்னியம்மாள். பாவுத் தெரு."

ஆபீசர் விரலை ஓட்டினார். நிறுத்தினார். "சிப்பாய்..." என்று ஆரம்பித்தவர் அவள் நெற்றியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்." வேறொரு வேட்பாளரின் ஏஜெண்டு எழுந்தான். "லிஸ்ட்ல ரெண்டு கன்னியம்மா கீறாங்க. எண்ணெக்கடைக்காரர் சம்சாரம் ஒண்ணு. இது எந்தக் கன்னியம்மா? நீங்க படிக்காதீங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

"அம்மா, வீட்டுக்காரர் பேர் சொல்லு."

அவள் ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். மலை முழுசாகத் தெரிந்தது. படிகள் வெள்ளைக் கோடாக ஏறிப்போயின.

"மலைமேல இருக்கற சாமி பேரா? அவருக்கு ஆயிரம் பேரும்மா" என்றார் ஆபீசர் மெதுவாக. "முருகனா? சுப்பிரமணியமா?"

"அதெல்லாம் கூடாது சார். நீங்க சொல்லிக் குடுக்கறீங்க" என்றான் ஏஜெண்டு. "இங்க விதவைன்னு போட்டுக்கீது. விதவைக்குப் பேர் சொல்றதுக்கு இன்னா வந்துச்சு? புருஷன் கீறான்னா இந்த ஓட்டு இவங்களுது இல்ல. இல்லேன்னா சொல்லிட்டு வாங்கிகினு போவட்டும். ரெண்டுல ஒண்ணு."

வக்கீலின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நாகராஜன் கோபமாக எழுந்தான். ஆபீசர் கையமர்த்தினார்.

"அம்மா, ஒருத்தரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. வேணாம்னா வீட்டுக்குப் போலாம். இந்த லிஸ்ட் பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

"இத அடிச்சு எழுதலாமா?" என்றாள் கன்னியம்மாள். "தப்புன்னு."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. எனக்குப் பாத்துப் படிக்கத்தான் தெரியும்."

அவருக்குப் பேனா இருந்தது. கெங்கம்மாள் சொன்னது சரிதான். பேனா மேஜைமேல் இருந்தது.

வீட்டுக்குப் போகலாம். போனால் அவன் இருப்பான். அடுத்த மாதம் மணியார்டர் வரும். வெறும் துண்டுக் காகிதத்தைப் பிரித்துப் பிடித்து, ஆற்றங்கரை மணலில் இரண்டு பாத அச்சைப் பார்த்துக்கொண்டு எதையாவது சொல்ல வேண்டும். மாமியார், உப்பு கிடைக்கிறதா என்று கேட்பாள்.

அவள் மலையைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அறைக்குள் எங்கோ மழை கேட்டது. ஆறு தெரிந்தது. இந்தமுறை அவன் வந்து உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏங்க', 'இங்க பாருங்க' என்பதற்கெல்லாம் அவன் இனித் திரும்பமாட்டான் என்று தோன்றியது. அவ்வளவு தூரத்தில் இருந்தான். பெயர் சொன்னால்தான் கேட்கும்.

"தணிகாசலம்" என்றாள்.

அது அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டான். வாய்க்குள் அந்தப் பெயர் இன்னும் இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. அவன் திரும்பினானா என்று அவள் பார்க்கவில்லை.

சீட்டைக் கொடுத்தார்கள். படுதாவுக்குப் பின்னால் மூன்று பெட்டிகள். பச்சையில் போட்டாள். காகிதம் விழும் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்றாள். கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வக்கீல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவரைக் கடந்தபோது கும்பிட்டார். எதுவோ சொன்னார், குரல் இல்லை. அவளும் கும்பிட்டாள். காற்று புறப்பட்டிருந்தது. புங்கஞ்சருகு பள்ளிக்கூடத்து வாசலில் ஓடியது.

கெங்கம்மாள் மரத்தடியிலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், வேகமாக வந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கன்னிம்மா, உள்ள யாரோ என் புள்ளயக் கூப்பிட்டாப்பல கேட்டுச்சே. யாருடி கூப்பிட்டது?"